கூஸா என்றொரு சிக்னல்

"மேடம், இந்த வீட்ல நான் இன்னும் தேடாத ஒரே இடம் உங்க கைப்பைதான்."

சமையலறை அலமாரிக்குள் இடுப்பு வரை நுழைந்திருந்த ரம்ஸியின் குரல், பித்தளைப் பாத்திரங்களில் மோதி மோதி வெளியே வந்தது.

"அதுல ஆரஞ்சுத் தோல்தான் இருக்கு. நீ வெளியே வா," என்றாள் இல்ஹாம் பர்பூர்.

ரம்ஸி வெளியே வந்தான். தலைமுடியில் ஒரு சிலந்தி வலை தொப்பி போல உட்கார்ந்திருந்தது. இல்ஹாம் அதைப் பார்த்தாள், சொல்லவில்லை. இன்னொரு ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தாள்.

இல்ஹாம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடித்தே பாதி ஆயுளைக் கழித்தவள். ஒருநாள் பொய் சொல்லிப் பணம் தர மறுக்கும் தன் கம்பெனியையே பிடித்துவிட்டாள். மறுநாள் வேலை போயிற்று. அதற்குப் பிறகுதான் பெய்ரூத்தின் அஷ்ரஃபிய்யே பகுதியில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். கீழேயிருந்து அலறல் சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பதால், வருகிற கட்சிக்காரர்கள் பெரும்பாலும் உண்மையையே பேசினார்கள்.

ரம்ஸி அதற்கு முன் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவன். போனைச் சரிசெய்வதைவிட, போனில் என்ன இருக்கிறதென்று வாடிக்கையாளரிடமே கிண்டலடித்ததில் கடை படுத்துவிட்டது.

"சர்வர்னா ஒரு பீரோ சைஸ்ல இருக்கணும் மேடம். விசிறி ஓடணும், லைட்டு மின்னணும். இந்தக் கிழவர் என்னடான்னா உள்ளங்கையளவு சர்க்யூட் பலகைய வெச்சுக் கண்ணாமூச்சி ஆடுறாரு."

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இன்ஜினியரா இருந்தவர். சண்டைக் காலத்துல, குண்டு விழும்போதே லைன் இழுத்தவராம். ஒளிச்சு வைக்கிறது அவருக்குக் கைவந்த கலை."

அந்தக் கிழவர், ஹலீம் நஸ்ஸார், இப்போது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். போன வாரம் ஒரு மழை மாலையில், இதே மூன்றாம் மாடி வீட்டின் நடைபாதையில், பளிங்கு மேடையின் முனையில் மண்டை மோதி விழுந்திருந்தார். படுக்கையறையிலிருந்த அவருடைய அம்மாவின் மரகத நெக்லஸைக் காணவில்லை. வீட்டுக் கேமராக்களின் பதிவுப் பெட்டியையும் காணவில்லை. டி.வி.க்குக் கீழே அது இருந்த இடத்தில் ஒயர்கள் மட்டும் தொங்கின.

போலீஸ் வழக்கை ஒரு கோப்பை காபி குடிக்கும் நேரத்தில் முடித்துவிட்டது. வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த எத்தியோப்பியப் பெண் திருநெஷ்தான் திருடி. எடுத்தாள், தள்ளினாள், ஓடினாள். ஓடிப்போனவள் கையில் மருந்துக்கடைப் பையோடு திரும்பப் படியேறி வந்ததை யாரும் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்று இல்ஹாம் ஸ்டேஷனுக்குப் போய் அவளைப் பார்த்தாள். திருநெஷ் தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "ஐயா கண்ணு முழிச்சாரா?" என்று மட்டும் கேட்டாள்.

நாளைக் காலை விமானத்தில் அவளை அடிஸ் அபாபாவுக்கு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. அண்ணன் படுத்துவிட்டதால் தம்பி ஃபுவாத் நஸ்ஸார்தான் இப்போது அவளுக்குக் கஃபீல், அதாவது விசாவுக்கும் வேலைக்கும் பொறுப்பாளி. "ஏழைப் பொண்ணு. வழக்கு, ஜெயில்னு இழுக்க வேண்டாம். மன்னிச்சு ஊருக்கு அனுப்பிடறேன்" என்று பெரிய மனது பண்ணியிருந்தார். அந்தப் பெரிய மனதுதான் இல்ஹாமின் கண்ணில் உறுத்தியது.

"மன்னிக்கிறதுக்கு இவ்வளவு அவசரப்படுற ஆளை நான் பார்த்ததேயில்ல," என்றாள்.

"எங்க மாமா ஒருத்தர் இருக்காரு மேடம். தப்பு பண்ணினவுடனே எல்லாரையும் மன்னிச்சிடுவாரு. தப்பு பண்ணினது அவரா இருக்கும்."

மேஜையிலிருந்த போன் அதிர்ந்தது. மாண்ட்ரியலிலிருந்து ஜோஸியான். ஹலீமின் ஒரே மகள். இல்ஹாமை வேலைக்கு அமர்த்தியவள்.

"கிடைச்சுதா மேடம்?"

"இன்னும் இல்லம்மா. அப்பா என்ன சொன்னார்ங்கிறதை மறுபடி ஒரு தடவை சொல்லு."

"போன கோடைக்கு வந்தப்போ சொன்னாரு. 'கேமராப் பெட்டியைத் திருடன் தூக்கிட்டுப் போனாலும் கவலையில்ல. காத்து வழியா எல்லாத்துக்கும் இன்னொரு பிரதி ஓடிட்டிருக்கு. நானே செஞ்சேன். திருடன் கையே வைக்காத இடத்துல வெச்சிருக்கேன்'னாரு. எங்கேன்னு கேட்டேன். சிரிச்சாரு. அதுக்குக் கூஸான்னு பேரு வெச்சிருக்கேன்னு மட்டும் சொன்னாரு. சின்ன வயசுல நான் குண்டா இருப்பேன். என்னை அப்படித்தான் கூப்பிடுவாரு."

"பாஸ்வேர்டு?"

"தெரியாது மேடம். தெரிஞ்சா நான் இங்கேருந்தே... அம்மா போனப்புறம் அந்த மனுஷன் சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரான்னு பார்த்தது திருநெஷ் மட்டும்தான். எங்க சித்தப்பா இல்ல. நானும் இல்ல. அவளைத் திருடின்னு பிளேன் ஏத்திட்டா, அப்பா எழுந்ததும் நான் என்ன சொல்வேன்?"

இல்ஹாமுக்கு ஆறுதல் சொல்ல வராது. "சாயங்காலம் கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டாள்.

ரம்ஸி தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வரிசையாக ஓடின. நடுவில் கூஸா. சிக்னல் முழுசாக, கொழுகொழுவென்று.

"பக்கத்துலேயே இருக்கு மேடம். ஆனா வாயைத் திறக்க மாட்டேங்குது. மகள் பேரு, பொண்டாட்டி பேரு, கல்யாண நாள், எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன். பலகை கைக்குக் கிடைச்சா பாஸ்வேர்டே வேண்டாம். டிஸ்க்கை உருவி என் லேப்டாப்புல சொருகினா படிச்சிடலாம். வாசல்லதான் பூட்டு, பின்பக்கம் சுவரே கிடையாது."

"கூஸா," என்றாள் இல்ஹாம், ஆரஞ்சுச் சுளையைப் பார்த்தபடி. "அரிசியும் கொத்துக்கறியும் அடைச்ச சுரைக்காய். வெளியே பார்த்தா வெறும் காய். உள்ளேதான் சமாச்சாரம். அவர் அதை எதுக்குள்ளயோ அடைச்சிருக்கார், ரம்ஸி. யாரும் சந்தேகப்படாத, எப்பவும் கரண்ட் இருக்கிற ஒண்ணுக்குள்ள."

"பெய்ரூத்துல எப்பவும் கரண்ட் இருக்கிற பொருளா? மந்திரி வீடுதான்."

வாசல் கதவு தட்டப்படாமலேயே திறந்தது.

ஃபுவாத் நஸ்ஸார் உள்ளே வந்தார். முதலில் வாசனைத் தைலம் வந்தது, பிறகு வயிறு, அதற்குப் பின்னால் மீதி ஃபுவாத். பட்டு ஸ்கார்ஃப். மாடியிலிருந்து கீழே இறங்குவதற்கே கோட்டும் டையும்.

"மதாம் பர்பூர்! இன்ஷூரன்ஸ் வேலை எந்தளவுல இருக்கு?"

நெக்லஸின் இன்ஷூரன்ஸ் விஷயமாக வந்திருப்பதாக இல்ஹாம் அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே வீட்டுச் சாவியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்திருந்தார்.

"நடக்குது உஸ்தாத். சமையலறைப் பொருள்களையும் மதிப்புப் போட்டுக்கிட்டிருக்கோம்."

"பேஷ், பேஷ். குடும்பப் பொருள் எல்லாமே குடும்பத்துக்கு வந்து சேரணும். மேல வாங்க, கோலெட் காபி போட்டிருக்கா. அந்தப் பொண்ணு போனதிலேருந்து எல்லாம் அவளே செய்ய வேண்டியிருக்கு, பாவம்."

"உங்க வீட்டுக்கும் திருநெஷ்தான் வேலை செஞ்சாளா?" என்றான் ரம்ஸி.

"சும்மா, துடைக்கறது, பெருக்கறது, துணி தேய்க்கறது. அண்ணன்தானே சம்பளம் கொடுக்கறான்," என்றார் ஃபுவாத், அதில் ஒரு கேள்வியும் இருப்பதாக அவருக்குத் தோன்றாமல்.

நான்காம் மாடி வரவேற்பறையில் நுழைந்ததும் ஒருவர் உங்களை முறைத்துப் பார்ப்பார். ஃபுவாத்தேதான். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான எண்ணெய் ஓவியம், தங்க முலாம் பூசிய தடித்த மரச்சட்டம், மேலே நெற்றிச்சுட்டி போல ஒரு பித்தளை விளக்கு. ஓவியத்தில் அவருக்குத் தலைமுடி இருந்தது.

"யாரு உஸ்தாத், உங்க அப்பாவா?" என்றான் ரம்ஸி பணிவாக.

"நான்தான்," என்றார் ஃபுவாத். "என் அறுபதாவது பிறந்தநாளுக்கு வந்த பரிசு."

கோலெட் காபித் தட்டோடு வந்தாள். ஒல்லி, நெட்டை, அரபியில் ஆரம்பித்து பிரெஞ்சில் முடிப்பவள். "அந்தப் பொண்ணை நான் அப்பவே வேண்டாம்னேன். இவரோட அண்ணன் கேட்டாத்தானே? மேஜையில கூட உட்கார வெச்சு சோறு போடுவாரு. மோன் தியூ! இப்போ பாருங்க, மண்டையை உடைச்சுட்டா."

"நெக்லஸைக் கடைசியா எப்போ பார்த்தீங்க மதாம்?"

"பார்க்கறதா? என் மாமியாரோடது அது. மூத்த மருமகளுக்குப் போச்சு. அவ போனப்புறம் எனக்கு வந்திருக்கணும். கனடாவுல பனி தள்ளிட்டிருக்கிற பொண்ணுக்கு அனுப்பப் போறேன்னாரு. பனியில எதுக்கு மரகதம்?"

வாய் தவறி நீளமாகப் பேசிவிட்டதை உணர்ந்து காபியை ஊதினாள். இல்ஹாமும் ஊதினாள். சிறிது நேரம் இரண்டு பெண்களும் காபியையே ஊதிக்கொண்டிருந்தார்கள்.

மீண்டும் மூன்றாம் மாடி.

"அந்தம்மா மாமியார் நெக்லஸுக்காக எண்ணெய்க் கொப்பரையில குதிப்பாங்க மேடம்," என்றான் ரம்ஸி.

"குதிக்கிறது குத்தமில்ல. நிரூபிக்கணும். போய் இந்த வீட்டு மெயின் சுவிட்சை அணை."

அவன் அணைத்தான். பிரிட்ஜ் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

"போன்ல பாரு."

"ஹலீமோட ரூட்டர் போச்சு. கூஸா இருக்கு! கல்லு மாதிரி இருக்கு. பேட்டரி வெச்சிருப்பாரோ?"

"இருக்கலாம்," என்றாள் இல்ஹாம். அவள் முகம் வாடியிருந்தது. பேட்டரி இருந்தால் அந்தப் பலகை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். சுவருக்குள், தரைக்கு அடியில். நாளைக் காலைக்குள் வீட்டை இடிக்க முடியாது.

வெளியே மழை வலுத்தது. தெருமுனை ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது. அரசாங்கக் கரண்ட் எப்போதோ போய்விட்டிருந்தது. ஒவ்வொரு வீடும் ஜெனரேட்டர்காரனிடம் வாங்கிய சில ஆம்பியர்களில் உயிரோடு இருந்தது. அளவுக்கு மேல் இழுத்தால் அந்த வீட்டு பிரேக்கர் மட்டும் டப்பென்று விழும்.

மேலே டப்பென்றது.

தொடர்ந்து கூரையைத் துளைத்துக்கொண்டு ஓர் அலறல்: "ஃபுவாத்! மறுபடியும் போச்சு! தலையில ஷாம்பூ இருக்கு எனக்கு!"

"வெந்நீர், ஹீட்டர், ஹேர் டிரையர், மூணையும் ஒண்ணாப் போட்டிருப்பாங்க," என்று சிரித்த ரம்ஸி, சிரிப்பைப் பாதியில் நிறுத்தினான். "மேடம்."

"என்ன?"

"கூஸா காணோம்."

இல்ஹாம் எழுந்தாள். மடியிலிருந்த தோல்கள் சிதறின. "வேற யாரு காணோம்?"

"எதிர்வீடு இருக்கு. ரெண்டாம் மாடி இருக்கு. 'பாஷா ஃபுவாத்'னு ஒண்ணு இருந்துச்சு, பேரைப் பார்த்தாலே யாரோடதுன்னு தெரியும், அது போயிடுச்சு. அதுவும் கூஸாவும் ஜோடியாப் போயிருக்கு."

மாடிப்படியில் கனத்த செருப்புச் சத்தம். பிரேக்கரைத் தூக்கிவிட ஃபுவாத் கீழே ஓடினார். சற்றுப் பொறுத்து, மேலே எங்கோ ஹீட்டர் முனகியது. இருவரும் போனையே பார்த்தார்கள்.

பாஷா ஃபுவாத் வந்தது. அடுத்து, அடக்க ஒடுக்கமாக, கூஸா வந்தது.

"பேட்டரியும் இல்ல, கீட்டரியும் இல்ல," என்றாள் இல்ஹாம் மெதுவாக. "அந்தப் பலகை குடிக்கிறது ஃபுவாத்தோட ஆம்பியரை."

"தம்பி வீட்லயா? தம்பிக்கே தெரியாமலா?"

"பேக்கப்னா அதே வீட்ல வைக்கக்கூடாதில்ல? வீடு எரிஞ்சா ரெண்டும் சேர்ந்து எரியும். அதனால மேல வெச்சார்னு வெச்சுக்கோ." அவள் கண்களில் ஒரு பளபளப்பு. "இல்ல, திருடன் எந்த மாடியில இருக்கான்னு அவருக்கு முன்னாடியே தெரியும்னும் வெச்சுக்கோ. இப்போ சொல்லு. அந்த வீட்ல, எதை ஃபுவாத் ஒருநாளும் அணைக்க மாட்டார், தூக்கிப் போடவும் மாட்டார்?"

ரம்ஸி முகம் முழுக்க மலர்ந்தான். "மேடம்... அந்தப் படத்துக்கு முடி வரைஞ்சதே அதுக்காகத்தானா?"

இல்ஹாம் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். கேப்டன் இஸ்கந்தர் கொட்டாவியோடு எடுத்தார்.

"அந்த வழக்கு முடிஞ்சுது மதாம். பொண்ணு நாளைக்குக் கிளம்புது. எல்லாருக்கும் நிம்மதி."

"கேப்டன், இந்த வழக்குல உங்க பேரு பேப்பர்ல வரப்போகுது. நல்ல விதமாவா, கெட்ட விதமாவாங்கிறது நீங்க இங்க வந்து சேர்ற வேகத்தைப் பொறுத்தது."

கொட்டாவி நின்றது.

கேப்டன் வந்து சேர்ந்ததும் மூவரும் நான்காம் மாடிக்கு ஏறினார்கள். கோலெட் தலையில் துண்டோடு இருந்தாள். ஃபுவாத் கேப்டனைப் பார்த்து முதலில் வெளிறினார், பிறகு 'இன்ஷூரன்ஸுக்குப் போலீஸ் கையெழுத்து வேணும்' என்று இல்ஹாம் சொன்னதும் நிறம் திரும்பப் பெற்றார்.

"உஸ்தாத், இன்னொரு யோசனை. வீட்ல திருட்டு நடந்திருக்கு. மத்த விலையுயர்ந்த பொருளையும் இன்ஷூர் பண்ணிடலாமே? இந்த ஓவியம் மாதிரி."

ஃபுவாத்தின் மார்பு ஓர் அங்குலம் உயர்ந்தது. "இதையா?"

"இதை இழந்தா ஈடு செய்ய முடியுமா?"

"முடியாது," என்றார் ஃபுவாத் மனப்பூர்வமாக.

"ரம்ஸி, படம் எடு. விளக்கு லென்ஸ்ல அடிக்குது உஸ்தாத், கொஞ்சம் அணைக்கலாமா?"

"இதை நான் அணைக்கிறதேயில்ல. கரண்ட் பத்தலைன்னா பிரிட்ஜைத்தான் அணைப்போம்."

"பாலு கெட்டுப்போச்சு நேத்து," என்றாள் கோலெட் பல்லைக் கடித்து.

"ஒரே நிமிஷம், உங்க படத்துக்காக."

அந்தக் காரணம் செல்லுபடியாயிற்று. ஃபுவாத் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். ரம்ஸி போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுப்பது போல் திரையைப் பார்த்தான். பிறகு இல்ஹாமைப் பார்த்து இருமினான், காசநோய்க்காரன் போல.

"பின்பக்கமும் பார்க்கணும்," என்றாள் இல்ஹாம். "ஓவியன் கையெழுத்து சில பேர் பின்னாடிதான் போடுவாங்க. மெதுவா இறக்கலாமா? வேற யாரும் தொட வேண்டாம், உங்க கையாலேயே இறக்குங்க."

ஃபுவாத் தம்மைத் தாமே கட்டிப் பிடித்து, தூக்கி, மூச்சு வாங்க, சோபாவின் மேல் குப்புறக் கவிழ்த்தார்.

தடித்த சட்டத்தின் உட்குழிவில், மரத்தோடு மரமாக, உள்ளங்கையளவு ஒரு பச்சைப் பலகை. விளக்கு ஒயரிலிருந்து பிரிந்துவந்த ஒரு மெல்லிய ஒயர். பக்கத்தில் சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு டிஸ்க், தபால்காரர் கட்டுகிற மாதிரி நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தது.

"இது என்ன?" என்றார் ஃபுவாத்.

"உங்க அண்ணன் செஞ்சது. அவர் வீட்டுக் கேமரா பதிவு எல்லாத்துக்கும் இன்னொரு பிரதி. இந்தப் பரிசைக் கொடுத்தது ஹலீம்தானே?"

ஃபுவாத் சோபாவில், தம் முதுகுக்குப் பக்கத்தில், பொத்தென்று உட்கார்ந்தார்.

ரம்ஸி டிஸ்க்கை உருவி லேப்டாப்பில் சொருகினான். கேப்டன் குனிந்தார். போன வாரம், அந்த மாலை.

நடைபாதையும் அதற்கப்பால் கூடமும் தெரிந்தன. திருநெஷ் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள். ஹலீம் நாற்காலியில் தூங்குகிறார். சற்று நேரத்தில் வாசல் கதவு சாவியால் திறக்கிறது.

இல்ஹாம் ஃபுவாத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிர்பார்த்தது அவரைத்தான். கேப்டனும் ஒரு கையை விலங்குக்குக் கொண்டுபோயிருந்தார்.

உள்ளே வந்தது கோலெட்.

நேராகப் படுக்கையறைக்குப் போனாள். கையில் பச்சையாக ஏதோ மின்ன, வெளியே வந்தாள். ஹலீம் எழுந்துவிட்டார். வாசலை மறித்து நின்று, கையை நீட்டிக் கேட்டார். சத்தம் கிடையாது, படம் மட்டும்தான். கோலெட் ஏதோ கத்தினாள். இரண்டு கைகளாலும் அவர் மார்பில் தள்ளினாள். கிழவர் பளிங்கு மேடையில் மோதிச் சரிந்தார். அவள் அவரைத் தாண்டிப் போகும்போது, செருப்பில் ரத்தம் படாமல் பாவாடையைத் தூக்கிக்கொண்டாள்.

பிறகுதான் ஃபுவாத் வந்தார். அண்ணனைப் பார்த்தார். குனியக்கூட இல்லை. டி.வி.க்குக் கீழேயிருந்த பெட்டியைப் பிடுங்கிக் கோட்டுக்குள் வைத்தார். போகும் வழியில் கண்ணாடியில் டையைச் சரிசெய்துகொண்டார். டி.வி. மேஜையோரம் ஒயர்கள் தொங்கின. கேமரா மட்டும் காற்று வழியாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் வெகுநேரம் ஹலீம் தனியாகக் கிடந்தார். திருநெஷ் மருந்துப் பையோடு வந்தாள். பை விழுந்தது. அவர் தலையை மடியில் வைத்துத் தன் சால்வையால் அழுத்திப் பிடித்தாள். மறுகையால் போன் செய்தாள். ரத்தம் நிற்கும்வரை அந்தக் கையை எடுக்கவேயில்லை. பிறகு ஆஸ்பத்திரி ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கூடவே அவளும் படியிறங்கினாள், விழுந்த பையைப் பொறுக்கிக்கொண்டு.

"அப்போ, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது இவளா?" என்றார் கேப்டன்.

"கேட்டிருந்தா உங்ககிட்டயும் சொல்லியிருப்பா," என்றாள் இல்ஹாம். "கீழே வாசல் வரைக்கும் போனா. ஆம்புலன்ஸ்ல சொந்தக்காரங்க மட்டும்தான் ஏறலாம்னு யாரோ சொல்லியிருக்காங்க. அதனால மருந்தை வீட்ல வைக்கத் திரும்பப் படியேறினா. அப்போதான் உங்க ஆளுங்க பிடிச்சாங்க."

ரம்ஸி ஃபுவாத்திடம், "அந்தப் பெட்டி எங்க உஸ்தாத்?" என்றான்.

"கடல்ல போட்டேன்," என்றார் ஃபுவாத், வெறுமையாக. உடனே குரல் உயர்ந்தது. "நான் தள்ளல கேப்டன்! கண்ணால பார்த்தீங்கல்ல? நான் பெட்டியை மட்டும்தான் எடுத்தேன்! நெக்லஸ் அவளோட ஃபர் கோட்டுப் பாக்கெட்ல இருக்கு! இடதுபக்கம்!"

"ஃபுவாத்!"

"வேலைக்காரப் பொண்ணு மேல போடலாம்னதும் அவதான்!"

"பொய்! அதைச் சொன்னது நீ! 'அவளை யாரு நம்பப் போறா'ன்னது நீ!"

தலையில் துண்டு அவிழ, கோலெட் அவர் பட்டு ஸ்கார்ஃபைப் பற்றி இழுத்தாள். அரபியில் ஆரம்பித்து, இந்த முறை அரபியிலேயே முடித்தாள். கேப்டன் இருவருக்கும் நடுவில் புகுந்து, இரண்டு பக்கமும் அடி வாங்கினார்.

"இன்ஷூரன்ஸ்ல இதுக்கு என்ன பேரு மேடம்?" என்றான் ரம்ஸி.

"மொத்த நஷ்டம்."

மாலையில் ஸ்டேஷன் நடைபாதை நிரம்பி வழிந்தது. காகிதங்கள் தயாராகத் தாமதமாயிற்று. திருடியென்று எழுத ஒரு வரி போதுமாக இருந்தது. திருடியில்லை என்று எழுத மூன்று மேஜைகளும் இரண்டு முத்திரைகளும் வேண்டியிருந்தன. இல்ஹாம் ஒவ்வொரு மேஜையின் முன்னாலும் நகராமல் நின்று வாங்கினாள். ஜோஸியான் தொலைபேசியில் அழுதாள். பிறகு, நாளைக்கே கிளம்பி வருவதாகவும், கஃபீல் மாற்றும் காகிதத்தில் தானே கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னாள்.

கடைசியில் உள்ளறைக் கதவு திறந்தது. திருநெஷ் வந்தாள். குட்டையான, அகன்ற நெற்றியுள்ள பெண். பல நாள் மாற்றாத உடை; ஆனால் முடியைச் சீராகப் பின்னியிருந்தாள். ரம்ஸி அவள் பையை வாங்கிக்கொண்டான்.

"கேப்டன் மன்னிப்புக் கேட்கச் சொன்னாரு," என்றான். "நேர்ல வந்து கேட்கத்தான் நினைச்சாராம். மூக்குல கட்டுப் போட்டிருக்காங்க, பேச முடியல."

அவள் லேசாகச் சிரித்தாள். சிரிப்பு எப்படியிருக்கும் என்று நினைவுபடுத்திப் பார்ப்பது போல இருந்தது அது.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு பெண் போலீஸ்காரர்கள் கோலெட்டை அழைத்து வந்தார்கள். ஈரம் காயாத தலை. மெல்லிய வீட்டு உடை. ஃபர் கோட்டு சாட்சிப் பொருளாகிவிட்டிருந்தது. குளிரில் தோள்கள் நடுங்கின.

நடைபாதையில் இருவரும் நேருக்கு நேர் வந்தார்கள். கோலெட் திருநெஷைப் பார்த்தாள். அவள் முகத்தில் வெட்கம் வரவில்லை, பயம் வரவில்லை. எதையோ தேடிக்கொண்டிருந்தபோது அது கண்ணில் பட்டுவிட்ட நிம்மதிதான் வந்தது.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. ஓடு, வீட்டுக்குப் போய் அலமாரியிலேருந்து என் கம்பளிச் சால்வையை எடுத்துட்டு வா. இங்க குளிருது."

பெண் போலீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருநெஷ் நின்றாள். இத்தனை வருடங்களில் அந்தக் குரல் எதைச் சொன்னாலும் கால்கள் தாமாகவே திரும்பிவிடும். இப்போது அவை திரும்பவில்லை. கோலெட்டை அவள் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"மன்னிக்கணும் மதாம்," என்றாள். "இன்னைக்கு எனக்கு லீவு."

பிறகு ரம்ஸியிடமிருந்து பையைத் திரும்ப வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலை நோக்கி நடந்தாள்.